ஐரோலியை எழுதிப் பார்த்தால் தெரியும்

ஒரு கிராஃபிக்ஸ் லைப்ரரிக்குத் தமிழ் எழுதத் தெரியுமா என்று பார்க்க, நவி மும்பையிலுள்ள ‘ஐரோலி’யின் பெயரே போதும். அந்த ஊர் ஸ்டேஷனை ஒட்டிய ஐ.டி. வளாகங்களில் கோடு எழுதும் தமிழர்கள் வீட்டில் ஒரு கேம் செய்ய உட்கார்ந்தால், முதலில் முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் ரேலிப் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். பாடம் நடத்துவதற்காக ரமோன் சாந்தாமரியா 2013-ல் தொடங்கியது. திரையில் எழுத ஒரே வரி போதும். ஆனால், தமிழ் எழுத்துருவைக் கொடுத்த பிறகும் ‘ஐரோலி’ ஐந்து கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். வேறெதுவும் சொல்லாவிட்டால் எழுத்துருவிலிருந்து 95 ஆங்கிலக் குறிகளை மட்டுமே அது ஏற்றிக்கொள்கிறது.

கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள்: ஐ, ர, ஓகாரக் குறி, ல, இகரக் குறி. தமிழ்க் குறிகளையும் ஏற்றச் சொன்னால் கேள்விக்குறிகள் போய்விடும், கோளாறு போகாது. ரகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு, துணைக்காலோடு சேர்ந்து பின்னால் போய் நிற்கும். லகரத்தின் மேல்விலங்கு ஒட்டாமல் விலகித் தெரியும்.

பழி எழுத்துருவின் மேல் விழும். அது பாவம். வடிவத்தைப் புள்ளிகளாக்கித் தருவது ஃப்ரீடைப் போன்ற லைப்ரரியின் வேலை. எந்த வடிவம் எங்கே நிற்கவேண்டும் என்று முடிவு செய்வது வேறு வேலை. அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ரகரத்துக்கு முன்னால் நகர்த்தும்; எழுத்துருவில் ‘லி’க்குத் தனி வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்குள்ளும் இது இருக்கிறது. கைபேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதால் இப்படியொரு படி இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆகவே தமிழில் தொடங்குபவருக்கு எஸ்.டி.எல். லைப்ரரி நல்ல தேர்வு. அதன் எழுத்துப் பிரிவில் ஹார்ஃப்பஸை இணைத்துக்கொள்ளலாம். இது தமிழ் எழுத்துமுறை என்று நான்கெழுத்துக் குறியால் சொல்லவும் வழி உண்டு. கூகுளின் ஸ்கியா லைப்ரரியில் கொஞ்சம் கவனம் வேண்டும். நேரடியாக எழுதும் எளிய கட்டளை இந்த அடுக்கும் வேலையைச் செய்யாது; அதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கெய்ரோ லைப்ரரியின் ஆவணமோ தன் எளிய எழுத்துக் கட்டளைகளைப் பொம்மை என்றே அழைக்கிறது. அந்த நேர்மை மற்றவர்களுக்கும் வரலாம்.

எழுத்துருவுக்கு வெகுதூரம் போகவேண்டாம். ‘முக்தா மலர்’, ‘பலூ தம்பி’ இரண்டுமே மும்பையின் ஏக் டைப் குழு வெளியிட்டவை. கேமோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.

இன்னொரு பொறி, வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சாவதுபோல் காட்டும்போது. குறிக் கணக்கில் நகர்த்தினால் ‘ஐர’ என்று வந்து, பிறகு ‘ஐரோ’ என்று மாறி, கொம்பு நுழையும்போது ரகரம் வலப்பக்கம் துள்ளும். உயிர்மெய்யைப் பிரிக்காமல் எண்ணினால் துள்ளாது.