பகடையை உருட்டினால் ஒரு கதாபாத்திரம் பிறக்குமா?

நண்பர்களோடு முதல்முறையாக 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட உட்காருகிறீர்கள். ஆட்டத்தை நடத்துபவர் ஒரு வெற்றுத் தாளை நீட்டி, "உங்க கேரக்டர் யாரு?" என்கிறார்.

அந்த நேரம் பார்த்து ஒன்றுமே தோன்றாது. அப்படியே தோன்றினாலும், பெற்றோரை இழந்த, அதிகம் பேசாத, வாள்வீச்சில் கெட்டிக்கார வீரன் ஒருவன்தான் வந்து நிற்பான். எட்டிப் பார்த்தால் பக்கத்து நண்பரின் தாளிலும் கிட்டத்தட்ட அவனேதான்!

இந்தச் சிக்கலுக்குப் பழைய தீர்வு ஒன்று இருக்கிறது. சொற்களை வரிசையாக எழுதி எண் போட்டுக்கொள்வது, பகடையை உருட்டுவது, விழுந்த எண்ணுக்குரிய சொல்லை எடுத்துக்கொள்வது. அவ்வளவுதான். இதைத்தான் சொல் அட்டவணை என்கிறோம்.

எப்போது தொடங்கியது?

1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானபோதே கதாபாத்திரத்தைப் பகடைதான் தீர்மானித்தது. வலிமை, அறிவு, சுறுசுறுப்பு என ஆறு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகள் உருட்டிக் கூட்ட வேண்டும். ஆக உயர்ந்த 18 கிடைப்பது 216இல் ஒருமுறைதான். 10 அல்லது 11 நான்கில் ஒருமுறை வரும். அதாவது, பகடை பெரும்பாலும் சாதாரண ஆட்களைத்தான் தரும்.

1977இல் வந்த 'டிராவலர்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே உங்கள் கதாபாத்திரம் நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும். ஒவ்வொரு தவணையிலும் உயிர்பிழைத்ததா என்று பகடை உருட்ட வேண்டும். தோற்றால் ஆள் காலி! ஆட்டமே ஆரம்பிக்கவில்லை, கதாபாத்திரம் இறந்துவிடும். இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்காத ரசிகர்கள் குறைவு.

அவை எல்லாம் எண்கள். சொற்களுக்கு முக்கிய இடம் கிடைத்தது பிறகுதான். 2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் குணம், கொள்கை, பந்தம், குறை ஆகிய நான்குக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. 2020இல் வெளிவந்த 'எலெக்ட்ரிக் பாஸ்டியன்லேண்ட்' நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களை வைத்திருக்கிறது. அவற்றில் ஏதோ ஒன்றில் தோற்றுப்போனவர்தான் உங்கள் கதாபாத்திரம். கூடவே பெரிய கடனும் உண்டு. கையில் கடன் இருந்தால் வீட்டில் உட்கார முடியுமா? கதை தானாகக் கிளம்பிவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது?

தொடர்பே இல்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்தால் நம் மனம் சும்மா இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு காரணத்தைத் தேடும். அந்தக் காரணம்தான் கதாபாத்திரம். பகடை தருவது விடையை அல்ல, கேள்வியை.

செய்து பார்ப்போம். முதல் பட்டியல், தொழில்: 1 ஈரச்சந்தை மீன்கடைக்காரர், 2 மின்தூக்கி பழுதுபார்ப்பவர், 3 பூக்கட்டுபவர், 4 இரவுநேர டாக்சி ஓட்டுநர், 5 துணைப்பாட ஆசிரியர், 6 படகோட்டி.

இரண்டாம் பட்டியல், கூடவே இருப்பது: 1 திறக்காத கடிதம், 2 வேறொருவரின் சாவி, 3 கடன், 4 இரட்டைப் பிறவி, 5 நின்றுபோன கடிகாரம், 6 நிறைவேறாத வாக்கு.

பகடை 5, 2 என்று விழுகிறது. துணைப்பாட ஆசிரியர், வேறொருவரின் சாவி. யாருடைய சாவி? பாடம் நடத்தப் போன வீட்டுக்காரர்கள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாவி மட்டும் ஆசிரியரிடம் தங்கிவிட்டது. அவர் ஏன் இன்னும் அதைத் தூக்கிப் போடவில்லை? பார்த்தீர்களா, இரண்டே நிமிடத்தில் ஓர் ஆள் வந்துவிட்டார். வாள்வீரனைவிட இவரோடு விளையாடத்தான் எனக்கு ஆசை.

இரண்டாம் பட்டியலில் 'துணிச்சல்', 'நேர்மை' போன்ற சொற்களே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'துணிச்சல்காரர்' என்றதும், "சரி, அப்புறம்?" என்று மனம் நின்றுவிடும். 'சாவி' என்றால் யாருடையது, எந்தக் கதவு என்று கேட்கத் தோன்றும். கையில் எடுக்கக்கூடிய பொருளும் இன்னொரு மனிதரை உள்ளே இழுக்கும் சொல்லும்தான் அட்டவணைக்கு நல்லவை.

இரண்டு பகடைகளைக் கூட்டலாமா?

கூட்டினால் எல்லாச் சொற்களுக்கும் சம வாய்ப்பு கிடைக்காது. 7 விழ ஆறு வழிகள் உண்டு, 2 விழ ஒரே ஒரு வழி. அரிதான சொற்களை இரு ஓரங்களிலும் வைக்க விரும்பினால் அதுவே வசதி. சம வாய்ப்பு வேண்டுமானால் முதல் பகடையைப் பத்தாம் இடமாகவும் இரண்டாவதை ஒன்றாம் இடமாகவும் படியுங்கள். 3ம் 4ம் விழுந்தால் 34. இப்படி 11இலிருந்து 66 வரை மொத்தம் 36 எண்கள் கிடைக்கும். 36 சொற்கள் கொண்ட இரண்டு பட்டியல்களிலிருந்து 1,296 இணைகள். பள்ளி விடுமுறை முழுக்க விளையாடினாலும் தீராது.

யார் எழுதிய சொற்கள்?

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பகடைக்குப் பாரபட்சம் கிடையாது, பட்டியலுக்கு உண்டு. பட்டியலில் இல்லாத ஆள் எத்தனை முறை உருட்டினாலும் வரமாட்டார். கடையில் வாங்கும் புத்தகங்களில் பெரும்பாலும் ஐரோப்பிய இடைக்காலக் கொல்லர், பாதிரியார், கோட்டைக் காவலர்தான். அந்த உலகம் பிடித்திருந்தால் தாராளமாக விளையாடலாம். ஆனால் உங்கள் பாட்டியைப் போன்ற ஒருவர் கதையில் வரவேண்டும் என்றால் அவருக்கான சொல்லை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தமிழில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்ற சொல் இருவருக்கும் பொது. தமிழில் அண்ணனா தம்பியா என்று முடிவுசெய்தே ஆகவேண்டும். 'அத்தை', 'சித்தி' என்று எழுதினால் எந்த வகை உறவு என்பதும் கூடவே வந்துவிடும். ஒரே சொல்லில் பாதிக் குடும்பம்! ஆட்டத்தை ஆங்கிலத்தில் நடத்தினாலும் இந்தச் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

ஒரு விஷயத்தை மட்டும் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். விழுந்த சொல் யாருக்காவது மனவேதனை தருவதாக இருக்கலாம். அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவருக்கு 'மரணச் செய்தி' என்று விழுந்தால் அது விளையாட்டு இல்லை. காரணம் கேட்காமல் மறுபடி உருட்ட விடுங்கள். மற்றபடி, சொல் பிடிக்கவில்லை என்பதற்காக உடனே மாற்றாதீர்கள். ஐந்து நிமிடமாவது அதோடு இருந்து பாருங்கள்.

பகடை இல்லையா? சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, மடித்து, குவளையில் போட்டுக் குலுக்குங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போடாவிட்டால் ஒரே சொல் இருவருக்கு வராது. போட்டால் வரலாம். இருவருக்கும் 'வேறொருவரின் சாவி' வந்து, அது ஒரே வீட்டுச் சாவியாக இருந்தால்?