படமும் பிட்டும் – 11: மூன்றாவது ரெண்டரில் என்ன மிஞ்சும்?

கணினி விளையாட்டை ஆடும்போதே திரையைப் பதிவு செய்து, வேண்டாத இடங்களை வெட்டி, தமிழில் பேச்சும் சேர்த்து யூடியூபில் ஏற்றுவதற்கு இன்று ஸ்டூடியோ எதுவும் தேவையில்லை. காங்கேயத்தில் ஒரு மேசைக் கணினியும் பிராட்பேண்டு இணைப்பும் இருந்தால் போதும். ஆயினும், ஆடும்போது புல்லின் நுனிவரை தெரிந்த காட்சி ஏற்றியபின் ஏன் உடைந்து தெரிகிறது என்ற கேள்விக்கு ‘நெட் ஸ்லோ’, ‘கிராபிக்ஸ் கார்டு பழசு’ என்று சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இழப்பு நேர்வது காட்சியைச் சுருக்கும் கட்டங்களில்தான்.

1920×1080 புள்ளிகள் கொண்ட திரையை நொடிக்கு 60 படங்களாகச் சுருக்காமல் சேமித்தால், நொடிக்கு ஏறத்தாழ 373 மெகாபைட், அதாவது சுமார் 3,000 மெகாபிட் இடம் பிடிக்கும். இதே அளவுள்ள காணொளியை ஏற்றுவதற்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட், அதாவது ஒரு நொடிக் காட்சிக்குச் செலவிடப்படும் தரவின் அளவு, 12 மெகாபிட்தான். இருநூற்றைம்பதில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிட்டும் கண்ணை ஏமாற்ற முடிவதற்கு அடிப்படையான கணிதத்தில் ஓர் இந்தியக் கை உண்டு. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, தம் ஆய்வு மாணவர் டி. நடராஜனுடனும், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற கே.ஆர். ராவுடனும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ‘தனிநிலைக் கொசைன் உருமாற்றம்’ என்னும் முறையே அது. 1972இல் இதற்கு நிதி கேட்டபோது, கருத்து மிக எளிமையாக இருப்பதாகச் சொல்லி அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் மறுத்துவிட்டது என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் சாயல்களையும் சட்டென மாறும் நுணுக்கங்களையும் தனித்தனி எண்களாக்கி, பின்னவற்றைக் கண் அதிகம் கவனிக்காது என்ற துணிவில் தோராயப்படுத்துவதே அதன் பயன்பாடு. 2003இல் வந்து இன்றும் பெருவழக்கில் உள்ள காணொளிச் சுருக்க முறையான ஹெச்.264 இந்த உருமாற்றத்தின் முழுஎண் வடிவத்தைக் கையாள்கிறது.

விளையாட்டுக் காட்சி இந்தத் துணிவைச் சோதிக்கிறது. திறந்தவெளி விளையாட்டு ஒன்றில் குதிரை புல்வெளியைக் கடக்கையில், ஆயிரக்கணக்கான மெல்லிய இலைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் அசைவதால், ஒவ்வொரு படத்தையும் புதிதாகச் சேமிக்காமல் முந்தைய படத்தின் பகுதிகளையே நகர்த்திக் கொள்ளலாம் என்னும் சுருக்க உத்தி பலிப்பதில்லை. பிட்டுகள் போதாமல் புல் பச்சைச் சேறாகக் குழைகிறது. எதிரியின் தலைக்கு மேல் சிவப்பில் தெரியும் சிறு எழுத்துகளின் ஓரம் கலங்குவது வேறொரு காரணத்தால்: ஒளியை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகச் சேமிப்பதே வழக்கமான ஏற்பாடு.

பதிவின்போது ஒருமுறை, எடிட்டிங் முடிந்து எக்ஸ்போர்ட் செய்கையில் (ரெண்டர் போடுகையில்) ஒருமுறை, யூடியூப் தன் பங்குக்கு ஒருமுறை என்று குறைந்தது மூன்று தடவை காட்சி சுருக்கப்படுகிறது. எட்டு மெகாபிட்டில் பதிவானதை ஐம்பதில் ரெண்டர் போட்டால் தரம் ஏறும் என்ற நம்பிக்கை, தேங்காய்ப் பருப்பு ஆட்டிய பின் கிடைத்த புண்ணாக்கைப் பெரிய செக்கில் போட்டால் மேலும் எண்ணெய் இறங்கும் என்பதைப் போன்றது. கோப்பின் எடை கூடுமே ஒழிய, போன நுணுக்கம் வாராது.

ஆகவே கவனம் செல்ல வேண்டியது முதற்கட்டத்தில். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ போன்ற பதிவு மென்பொருளில், நிலையான பிட்ரேட்டுக்குப் பதிலாக நிலையான தரம் என்னும் முறையைத் தேர்ந்து, அதற்கான எண்ணை 18க்கு அருகில் வைத்தால், புல்வெளி வரும்போது தரவு தானாகக் கூடி, மெனு திரையில் குறையும். எண் குறையக் குறைய தரம் உயரும், கோப்பும் பெருக்கும். கோப்பு வகையாக எம்.கே.வி.யைக் கொள்வது நலம், எம்.பி.4 கோப்பின் உட்குறிப்பு வழக்கமாகப் பதிவின் முடிவில்தான் எழுதப்படுவதால், நடுவில் கரண்ட் போனால் முழுப் பதிவும் திறக்க முடியாமற் போகக்கூடும். எடிட்டிங் மென்பொருள் எம்.கே.வி.யை ஏற்காவிடில், மறுபடி சுருக்காமல் உறையை மட்டும் எம்.பி.4 ஆக மாற்றும் வசதி ஓ.பி.எஸ்.ஸிலேயே உண்டு. கைபேசியில் பதிவானவை நொடிக்கு நொடி படங்களின் எண்ணிக்கை மாறும் தன்மை உடையவையாதலால், அவற்றை முதலில் நிலையான 60க்கோ 30க்கோ மாற்றாமல் வெட்டினால், பேச்சு ஓரிடத்திலும் படம் ஓரிடத்திலும் நிற்கக்கூடும்.

எக்ஸ்போர்ட் செய்கையில் படங்களின் எண்ணிக்கை பதிவில் இருந்தபடியே இருக்க வேண்டும். பிட்ரேட், யூடியூப் கேட்பதைவிடத் தாராளமாக இருக்கலாம், ஏனெனில் அடுத்த சுருக்கத்துக்கு அதுவே மூலப்பொருள். 1080 வரிக் காட்சியை 1440 வரிகளாகப் பெரிதாக்கி ஏற்றுவோர் பலர். பதிவில் இல்லாத நுணுக்கம் அதனால் தோன்றாது, உயர் அளவுக்கு யூடியூப் ஒதுக்கும் கூடுதல் தரவே அவர்களுக்குக் கிடைக்கும் பலன். பதிவை வேறு ஊரிலுள்ள எடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவோர், மேற்சொன்ன மூன்றோடு நான்காவது சுருக்கத்தையும் தாமே சேர்க்கின்றனர். ஆவணமாக இணைத்து அனுப்பினால் 2 ஜி.பி. வரையுள்ள கோப்பு மாற்றமின்றிப் போய்ச் சேரும், அதற்கு மேற்பட்டதை ஹார்டு டிஸ்கில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம்.

(தொடரும்)