உங்களுக்குத் தெரியுமா? ‘வியர்ட்’ என்றால் விதி!

விசித்திரமான எதைக் கண்டாலும் ஆங்கிலத்தில் ‘வியர்ட்’ என்கிறோம். ஆனால், இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் வேறு.

● பழைய ஆங்கிலத்தில் இது ஒரு பெயர்ச்சொல், பொருள், ‘விதி’. ‘ஆகுதல்’ என்று பொருள்படும் இன்றைய ஜெர்மன் சொல்லான ‘வேர்டன்’ இதற்கு நெருங்கிய உறவு. ஆகப்போவதுதானே விதி!

● மனிதரின் விதியை வகுக்கும் மூன்று தேவதைகளை ஸ்காட்லாந்தில் ‘வியர்ட் சகோதரிகள்’ என்றார்கள். ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல் வழியாக அவர்கள் ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்துக்குள் வந்தார்கள். மக்பெத்தின் எதிர்காலத்தை முன்னறிவித்தார்கள்.

● 1623-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் முதல் நாடகத் தொகுப்பில் இந்தச் சொல் ‘வேவர்ட்’, ‘வேயர்ட்’ என வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. 1733-இல் பதிப்பாசிரியர் லூயிஸ் தியோபால்ட்தான் அதை ‘வியர்ட்’ என்று திருத்தினார்.

● மேடையில் அந்தச் சகோதரிகள் அச்சமூட்டும் சூனியக்காரிகளாகத் தோன்றியதால், ‘அமானுஷ்யமான’ என்ற பொருள் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் அது ‘விசித்திரமான’ என்று விரிந்தது.

● ‘சி’ எழுத்துக்குப் பின் தவிர, மற்ற இடங்களில் ‘ஈ’க்கு முன் ‘ஐ’ வரும் என்று பள்ளியில் படிக்கிறோம். இந்தச் சொல் அதற்கு அடங்காது. இதன் எழுத்துகள்: டபிள்யூ, ஈ, ஐ, ஆர், டி. மாணவர்கள் பலரும் தவறும் இடம் இது. விதியை நம்பாமல் வரிசையையே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.