தொடக்க வகுப்பில் ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஆசிரியர் பயிற்சி (கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை)

தொடக்க வகுப்பில் ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஆசிரியர் பயிற்சி என்பது ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்க வருங்கால ஆசிரியர்களை அணியமாக்கும் பயிற்சியாகும். தமிழ்நாட்டில் இது தனிப் படிப்பாக இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் பயிலும் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் ஒரு பாடமாகவே இது அமைந்துள்ளது. இதை முடித்துப் பணிக்கு வருபவர் இடைநிலை ஆசிரியர் எனப்படுகிறார். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என எல்லாப் பாடங்களையும் அவரே நடத்துகிறார்.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாகச் செயல்படுகிறது. அதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை உள்ளது. வெள்ளிமலை அங்குள்ள முதன்மையான ஊர். மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் அவ்வாறு இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழே. ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. ஆகவே சமவெளியை விடக் காலம் தாழ்ந்தே பள்ளிக்கல்வி இங்கு வேரூன்றியது.

பின்னணி

இன்றைய கள்ளக்குறிச்சி, 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆங்கிலம் கற்பித்தல் வரலாற்றில் உலக அளவில் பேசப்படும் இரண்டு முயற்சிகள் இந்த வட்டாரத்தோடு தொடர்புடையவை.

முதலாவது, 1959இல் அன்றைய சென்னை மாநிலத்தில் தொடங்கிய ஆங்கில ஆசிரியர் மறுபயிற்சி இயக்கம். தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது அதன் இலக்கு. முதலில் ஒரு சிறு குழு பயிற்சி பெறும். அக்குழுவினர் பிறருக்குப் பயிற்சி தருவர். அவர்கள் மேலும் பலருக்குத் தருவர். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தை ஒத்திருந்ததால் இது 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் பெற்றது. சொற்றொடர் அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே அன்றைய முறை. குறைந்த காலத்தில் பல்லாயிரம் பேரை எட்டியது இதன் வலிமை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சரக்கு கொஞ்சம் சிந்திவிடும் என்பது இதன் குறை. இன்றும் மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம் என்று பயிற்சி இறங்கி வரும் முறையில் அதே வலிமையும் அதே குறையும் தொடர்கின்றன.

இரண்டாவது, என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய 'பெங்களூர் திட்டம்'. பெயரில் பெங்களூர் இருந்தாலும் இதன் வகுப்புகள் சென்னையிலும் கடலூரிலும் நடைபெற்றன. இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், வரைபடம் பார்த்து வழி சொல்லுதல், கால அட்டவணையைப் படித்து விடை காணுதல் போன்ற பணிகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தனர். பொருளில் கவனம் இருக்கும்போது மொழியின் வடிவம் தானாகப் படியும் என்பது பிரபுவின் கருத்து. இன்று உலகெங்கும் 'பணிவழிக் கற்றல்' என்று கற்பிக்கப்படுவதற்கு இத்திட்டம் ஒரு முன்னோடி. தமிழ்நாட்டு மாணவ ஆசிரியர்கள் இதை வெளிநாட்டுக் கோட்பாடு என்று எண்ணிப் படிப்பது வேடிக்கைதான்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்திற்கான நிறுவனம் மயிலத்தில் அமைந்தது.

எழுத்தின் பெயரும் ஒலியும்

குழந்தைக்கு ஆங்கிலம் ஏன் கடினமாகிறது என்பதை மாணவ ஆசிரியர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ம, ர, ம் என்று மூன்று எழுத்தையும் தொடர்ந்து சொன்னால் 'மரம்' வந்துவிடும். இந்த நம்பிக்கையோடு வரும் குழந்தை பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'சி, ஏ, டி' என்று எழுத்துக்கூட்டுகிறது. எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'சியேட்டி' என்று வருமே தவிர 'கேட்' என்று வராது. தவறு குழந்தையுடையதன்று. எழுத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்து, அது தரும் ஒலியைச் சொல்லிக் கொடுக்காததே காரணம். ஒலியை முதலில் பழக்கும் ஒலிப்புமுறைக் கற்பித்தல் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. பல ஆசிரியர்கள் தம் பள்ளி நாட்களில் இம்முறையில் படித்ததில்லை. ஆகவே பயிற்சியின்போது அவர்களும் புதிதாகவே கற்க வேண்டியுள்ளது.

இன்னொரு சிக்கல் தமிழ் வரிவடிவத்தில் உள்ளது. ஆங்கில எழுத்து வரிசையின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் 'பி' என்றே எழுத முடியும். நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் 'டி' ஆகிவிடும். குழந்தை குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்துக்கொள்ளும்போது குண்டூசியும் குப்பைத்தொட்டியும் ஒரே 'பின்' ஆகின்றன. 'ஃபேன்' என்பதில் ஆய்தம் விட்டுப்போனால் தலையில் ஊரும் பேன்தான் மிஞ்சும். சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்ம்மயக்கத்தைத் தமிழ் நாக்கு ஏற்பதில்லை என்பதால் 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகிறது. இவற்றை நகைக்காமல், தமிழின் ஒலியியல்புகள் என அறிந்து திருத்துவது பயிற்சியின் முக்கியமான பகுதி.

மறுபுறம், குழந்தை வெறும் கையோடு வருவதில்லை. பஸ், போன், சார்ஜர், பேட், பால், டீச்சர், பெஞ்சு, பிஸ்கட் என மலைக் கிராமத்துக் குழந்தைக்கும் சில பத்து ஆங்கிலச் சொற்கள் தெரியும். அவை ஆங்கிலம் என்பதுதான் தெரியாது. முதல் வாரத்தில் இச்சொற்களைத் திரட்டிப் படம் வரைந்து மின்னட்டையாக்கினால், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகலாம்.

பயிற்சியின் கூறுகள்

கற்பித்தலில் அறிமுகமாகும் முறைகளுள் ஒன்று உடலசைவு வழிக் கற்றல். எழு, உட்கார், கதவைத் தொடு என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் குழந்தை செய்து காட்டும். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. புதிய மொழியைக் கேட்கும் குழந்தை தொடக்கத்தில் பேசாமல் இருப்பது இயல்பு. அந்த மௌனத்தைத் தோல்வியாகக் கருதி அதட்டக் கூடாது என்பதை மாணவ ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். பாடல், கதை, பொம்மலாட்டம், படம் பார்த்துப் பேசுதல் ஆகியவை மற்ற முறைகள். தாய்மொழியை அறவே விலக்க வேண்டும் என்பது பழைய கருத்து. கதையைத் தமிழில் சொல்லி, திரும்ப வரும் வரியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வைப்பது சிறு குழந்தைகளிடம் நன்கு பலிக்கிறது.

2022 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தமிழ், கணக்கு ஆகியவற்றோடு ஆங்கிலமும் சேர்ந்துள்ளது. குழந்தைகள் வகுப்பின்படி அல்லாமல் கற்றல் நிலையின்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்படுகின்றனர். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஆங்கிலத்தில் அரும்பாகவும் தமிழில் மலராகவும் இருக்கலாம்.

ஆசிரியரின் ஆங்கிலம்

மாணவ ஆசிரியர்களில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கோட்பாடுகளை எழுதித் தேர்ச்சி பெறுவது அவர்களுக்குக் கடினமில்லை. ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் கதை சொல்வதுதான் கடினம். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 வினாக்களில் 30 ஆங்கிலத்திற்கு உரியவை. அனைத்தும் கொள்குறி வினாக்கள். வாய் திறந்து பேசாமலேயே முழு மதிப்பெண் பெற முடியும். தேர்வில் இடம்பெறாத திறனுக்குப் பயிற்சியிலும் நேரம் குறைவதில் வியப்பில்லை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்காத குழந்தைக்கு ஆசிரியரின் குரலே முதல் ஆங்கிலம். வகுப்பறைக்குத் தேவையான ஐம்பது அறுபது சொற்றொடர்களையும் பத்துக் கதைகளையும் தடையின்றிச் சொல்லப் பழகினாலே ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் பெரும்பாலும் போதும். சரளமான பேச்சாளராக வேண்டும் என்ற அச்சமே பலரை வாய் மூட வைக்கிறது.

மலைப் பள்ளிகள்

கல்வராயன் மலையில் பள்ளிக் கல்வித் துறையின் பள்ளிகளோடு, பழங்குடியினர் நலத் துறையின் கீழ் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் செயல்படுகின்றன. குழந்தைகள் அங்கேயே தங்கிப் படிப்பதால் மாலை வேளையும் கற்றலுக்குக் கிடைக்கிறது. கதைப் புத்தகமும் ஆர்வமுள்ள ஆசிரியரும் இருந்தால் இது பெரிய வாய்ப்பு. பெற்றோர் கேரளம், கருநாடகம் போன்ற வெளிமாநிலங்களுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில் பிள்ளையின் வருகை விட்டுவிட்டு அமைகிறது. நேற்றைய பாடத்தின் தொடர்ச்சியாகவே இன்றைய பாடத்தை அமைக்கும் பாடக்குறிப்பு அக்குழந்தைக்குப் பயன்படாது. ஒவ்வொரு நாளும் தானே முழுமையாக நிற்கும் சிறு பாடங்களே உதவும்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பை இருவர் நடத்த வேண்டும். நிறுவனத்தில் மாதிரி வகுப்பு எடுக்கும் மாணவ ஆசிரியரோ ஒரே வகுப்புக் குழந்தைகள் எதிரில் இருப்பதாகவே திட்டமிடுகிறார். சாமை, மரவள்ளி, பலா, தேன், ஆடு என்று மலைக் குழந்தை நாள்தோறும் காணும் பொருள்களை வைத்து மூன்று வகுப்புக்கும் ஒரே உரையாடலைத் தொடங்கலாம். முதல் வகுப்பு பெயரைச் சொல்லும், இரண்டாம் வகுப்பு நிறத்தையும் எண்ணிக்கையையும் சேர்க்கும், மூன்றாம் வகுப்பு ஒரு வரி எழுதும். இத்தகைய பல்வகுப்புக் கற்பித்தலை நூலில் படிப்பதை விட ஈராசிரியர் பள்ளியில் ஒரு வாரம் இருந்து பார்ப்பதே விரைவில் கற்றுத் தரும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பட்டயப் படிப்பில் குறைந்தது 20 வாரப் பள்ளி உள்ளகப் பயிற்சி தேவை. மயிலத்திலிருந்து வெள்ளிமலை நூறு கிலோமீட்டருக்கு மேல். கச்சிராயபாளையம் தாண்டி மலைச்சாலை ஏற வேண்டும். நாள்தோறும் போய்வர முடியாத தொலைவு. உறைவிடப் பள்ளியிலேயே மாணவ ஆசிரியர்களும் தங்க இடம் தந்தால் இந்த 20 வாரத்தில் சில வாரங்களையாவது மலையில் கழிக்கலாம்.