90 நிமிடம், 750 மார்க்

மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு



"செக்யூரிட்டி பிளஸ்னு ஒரு பரீட்சை இருக்காமே, அதை எழுதினா கம்பெனியில கூப்பிட்டு வேலை குடுப்பாங்களாமே?" என்று இந்த ஆண்டில் மட்டும் என்னிடம் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். லேபில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள், மெஸ் வரிசையில் தட்டோடு நிற்கும்போதும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும், இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பரீட்சையில் நான் முதல் முறை ஃபெயில். இரண்டாம் முறைதான் பாஸ். ஆகவே எப்படிப் படிக்கக் கூடாது என்பதில் எனக்கு அனுபவம் கொஞ்சம் கூடுதல்.

தகவல் பாதுகாப்புத் துறையில் சான்றிதழ்ப் பரீட்சைகள் பல உண்டு. 1994-ல் தொடங்கிய சி.ஐ.எஸ்.எஸ்.பி. அவற்றில் மிகவும் பெயர் பெற்றது. ஆனால் அதை முழுமையாகப் பெற ஐந்து வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். நமக்கு அது இப்போதைக்கு ஆகாது. செக்யூரிட்டி பிளஸ் அப்படியில்லை. காம்ப்டியா என்ற அமெரிக்க அமைப்பு 2002 முதல் இதை நடத்தி வருகிறது. பட்டமோ முன் அனுபவமோ கட்டாயமில்லை. நெட்வொர்க் தெரிந்து, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு எழுதினால் நல்லது என்று அவர்கள் சொல்கிறார்கள். சொல்கிறார்களே தவிர, யாரையும் தடுப்பதில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கணினிகளைக் காக்கும் பணிகளுக்கு ஏற்கும் சான்றிதழ்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் இதற்கு உலகம் முழுவதும் இவ்வளவு பெயர். வேலை விஷயத்துக்கு வருவோம். கூப்பிட்டெல்லாம் குடுக்க மாட்டாங்க. பயோடேட்டாவில் ஒரு வரி கூடும், இன்டர்வியூவில் அந்த வரியிலிருந்து கேள்வி வரும். அவ்வளவுதான்.

பரீட்சையின் அமைப்பு இது. அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். மதிப்பெண் 100 முதல் 900 வரை, 750 வந்தால் பாஸ். "900-க்கு 750னா 83 சதவீதம்" என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அளவுகோலே 100-ல்தான் தொடங்குகிறது, எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்பதையும் அவர்கள் வெளியிடுவதில்லை. தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. எனவே எதையும் காலியாக விடக் கூடாது. நான் எழுதியது 2023 நவம்பரில் வந்த எஸ்.ஒய்.0-701 என்ற பதிப்பு. அதில் ஐந்து பகுதிகள். பொதுக் கருத்துகள் 12 சதவீதம், தாக்குதல்களும் பலவீனங்களும் 22, கட்டமைப்பு 18, அன்றாடப் பாதுகாப்புப் பணிகள் 28, நிர்வாகமும் மேற்பார்வையும் 20. ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிப்பை மாற்றுவது அவர்கள் வழக்கம். நீங்கள் படிக்கத் தொடங்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இதைப் பார்க்காமல் போனதுதான் என் முதல் தப்பு.

இரண்டாமாண்டு விடுமுறையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அங்கே பாடம் நடத்தவில்லை. "டம்ப்" என்று 400 கேள்வி-பதிலைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே எழுதியவர்களிடமிருந்து கள்ளத்தனமாக வெளியே வந்த கேள்விகளுக்கு அந்தப் பெயர். "இதை மனப்பாடம் பண்ணு தம்பி, கண்ணை மூடிட்டு 800" என்றார் அங்கிருந்தவர். நானும் நம்பினேன். பரீட்சைக் கட்டணம் நாம் இங்கே ஒரு வருடத்துக்குக் கட்டும் கல்விக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அம்மா சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினார். ஃபெயிலானால் பணம் திரும்பாது, அடுத்த தடவைக்கு மறுபடியும் முழுத் தொகை.

25 நாளில் 400 கேள்வியையும் நெட்டுருப் போட்டேன். பரீட்சைக் கூடத்தில் முதல் திரை வந்ததும் கை சில்லிட்டுவிட்டது. அ, ஆ, இ, ஈ என்று தேர்ந்தெடுக்கும் கேள்வியே இல்லை. கேள்வியை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம். ஆகவே அதைச் சொல்ல மாட்டேன், வகையை மட்டும் சொல்கிறேன். கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் நானே கட்டியவை. அது செய்முறை வகைக் கேள்வி. கொடுத்த நிலவரத்தைப் பார்த்து நாமே பொருத்தி அமைக்க வேண்டும். 3389 என்றால் ரிமோட் டெஸ்க்டாப், 53 என்றால் டி.என்.எஸ். என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்த டம்பிலும் இல்லை. முதல் இரண்டு கேள்வியிலேயே 25 நிமிடம் போய்விட்டது. மீதியில் பாதி, பார்த்த மாதிரி இருந்தும் வேறு கேள்வி. நான் மனப்பாடம் செய்தது பழைய பதிப்பு என்பது அப்புறம்தான் தெரிந்தது. மார்க் 688.

வீட்டுக்கு வந்து அந்த மதிப்பெண் தாளைப் பையோடு மூலையில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அம்மாவே எடுத்து வந்து, "பணத்தை விடுடா. இதுல என்னமோ வரிவரியா எழுதியிருக்கே, படிச்சியா?" என்றார். படிக்கவில்லை. அந்தத் தாளில் மார்க் மட்டும் இருப்பதில்லை, பாடத்திட்டத்தின் எந்தெந்தத் தலைப்பில் தப்பு விட்டோம் என்ற பட்டியலும் இருக்கிறது. எனக்குப் பெரும்பாலும் அன்றாடப் பணிகள் பகுதியில், அதாவது கையால் செய்து பார்க்க வேண்டிய இடத்தில். பாடத்திட்டத்தைக் காம்ப்டியாவே இலவசமாகத் தருகிறது. அதை அச்செடுத்து, தப்பு விட்ட தலைப்புகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மறுபடி தொடங்கினேன். வீடியோ பாடத்துக்கு யூடியூபில் புரொபசர் மெஸ்ஸர் இருக்கிறார், முழுப் பாடமும் இலவசம். காசு கொடுத்து எங்கும் சேர வேண்டியதில்லை.

ஃபயர்வாலையே எடுத்துக்கொள்வோம். நம் ஹாஸ்டல் வாட்ச்மேன் கையில் ஒரு தாள் இருக்கிறது என்று வையுங்கள். அவர் மேலிருந்து கீழே படிப்பார். வருகிற ஆளுக்குப் பொருந்தும் முதல் வரி எதுவோ அதைச் செய்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார். முதல் வரியில் "யார் வந்தாலும் விடு" என்று எழுதி, இரண்டாவது வரியில் "வெளியாளை விடாதே" என்று எழுதினால், இரண்டாவது வரியை அவர் படிக்கவே போவதில்லை. ஃபயர்வாலும் அப்படித்தான். "அட்மின் கணினியிலிருந்து மட்டும் 3389-ஐ விடு" என்ற விதி, "3389-ஐ யாருக்கும் விடாதே" என்பதற்கு மேலே இருக்க வேண்டும். கீழே போனால் அட்மினும் வெளியேதான் நிற்பார். எந்த வரியிலும் பொருந்தாதவனுக்கு? பொதுவாகக் கடைசியில் எழுதப்படாத ஒரு வரி உண்டு, "மற்ற யாரையும் விடாதே". இது புரிய எனக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. லேப் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் இரண்டு லினக்ஸ், நடுவில் விதிகள். வரிசையை மாற்றி மாற்றிப் போட்டு, யார் உள்ளே வருகிறார் என்று பார்த்தேன்.

அதே இரண்டு லினக்ஸுக்கு நடுவில் வயர்ஷார்க்கை ஓடவிட்டு டெல்நெட்டில் லாகின் செய்து பாருங்கள். பாஸ்வேர்டு ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் ஊர்ந்து போகும். எஸ்.எஸ்.எச்.சில் செய்தால் வெறும் குப்பைதான் தெரியும். 23-ஐ மூடி 22-ஐத் திற என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு மறக்காது. இன்னொன்று, ஒரு கோப்பின் எஸ்.எச்.ஏ.-256 ஹாஷை எடுத்துவிட்டு, அந்தக் கோப்பில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்து மறுபடி எடுங்கள். 64 எழுத்து ஹாஷே தலைகீழாக மாறியிருக்கும். ஹாஷ் என்பது மறைப்பதற்கு அல்ல, மாறவில்லை என்று காட்டுவதற்கு. என்கிரிப்ஷனைச் சாவி இருந்தால் திருப்பிப் பிரிக்கலாம், ஹாஷைத் திருப்ப முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் நம் வகுப்பில் குறைவு, நானும் சேர்த்துத்தான்.

இந்தச் சோதனைகளைச் சொந்தக் கணினியிலோ, அனுமதி வாங்கிய லேபிலோதான் செய்ய வேண்டும். காலேஜ் வைஃபையில் கைவரிசை காட்டலாம் என்று நினைக்கும் தம்பிமார்களுக்கு ஒரு தகவல். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ இருக்கிறது.

லாக் படிப்பதும் அவசியம். ஒரே பயனர் பெயருக்கு நூறு பாஸ்வேர்டு முயன்றிருந்தால் அது ஒரு ரகம். நூறு பயனர்களுக்கு ஒரே பாஸ்வேர்டை முயன்றிருந்தால் அது வேறு ரகம், பாஸ்வேர்டு ஸ்பிரேயிங் என்று பெயர். ஒரு அறைப் பூட்டில் நூறு சாவி போட்டுப் பார்ப்பவனை வார்டன் பிடித்துவிடுவார். ஒரு சாவியோடு நூறு அறையையும் ஒவ்வொரு தடவை தொட்டுவிட்டுப் போகிறவன் மாட்டுவது கஷ்டம். மூன்று தவறுக்கு மேல் பூட்டிக்கொள்ளும் கணக்குகள் முதலாமவனைத் தடுக்கும், இரண்டாமவன் அதைத் தாண்டிவிடுவான்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு சிறு இடம். 4,00,000 ரூபாய் சர்வர், வெள்ளம் வந்தால் கால் பங்கு சேதம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் என்றால், ஒரு தடவை இழப்பு 1,00,000, வருடத்துக்கு 0.2 தடவை, ஆக வருட இழப்பு 20,000. இதைத் தடுக்க வருடம் 50,000 செலவழிக்கலாமா என்று கேட்டால் கூடாது என்பதே விடை.

நம்மைப் போலத் தமிழ் மீடியத்தில் வந்தவர்களுக்கு உண்மையான சங்கடம் ஆங்கிலம்தான். கேள்வி ஆறேழு வரி இருக்கும். கடைசி வரியை முதலில் படியுங்கள். அதில் "முதலில்" என்று கேட்கிறார்களா, "மிகச் சிறந்தது" என்று கேட்கிறார்களா என்பதில்தான் விடை இருக்கிறது. ஒரு அலுவலகக் கணினியில் ரேன்சம்வேர் வந்து கோப்புகள் பூட்டிக்கொண்டிருக்கின்றன. பேக்கப்பிலிருந்து மீட்பது, வைரஸை அழிப்பது, நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது, ஊழியருக்குப் பயிற்சி தருவது, நான்குமே சரியான காரியங்கள்தான். முதலில் செய்ய வேண்டியது பிரிப்பது. பக்கத்துக் கணினிக்குப் பரவாமல் நிறுத்திவிட்டுத்தான் மற்றது. பிறகு அழிப்பது, பிறகு மீட்பது, எல்லாம் முடிந்து பாடம் கற்பது. டம்பில் படிக்கும்போது "இ" என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். ஏன் "இ" என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அதோடு, டம்ப் பயன்படுத்தியது தெரிந்தால் வாங்கிய சான்றிதழையே ரத்து செய்ய அவர்கள் விதியில் இடமிருக்கிறது.

இரண்டாம் தடவைக்கான பணத்தை அம்மாவிடம் கேட்கவில்லை. நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடையில் கணினி பழுது பார்த்துச் சேர்த்தேன். படிப்பும் அந்த நான்கு மாதம்தான், காலையில் ஒன்றரை மணி நேரம்.

பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. நமக்கு இனிஷியல் உண்டு, அவர்கள் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம்தான். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருந்து, படிவத்தில் ஓர் எழுத்து மட்டும் போட்டால் வாசலிலேயே தகராறு வரும். உள்ளே பேனா, வாட்ச், கைக்குட்டை மடிப்பு வரை பார்ப்பார்கள். எழுதி அழிக்கும் ஒரு பலகையும் மார்க்கரும் தருவார்கள். இந்த முறை செய்முறைக் கேள்விகளைக் குறிவைத்துத் தாண்டிவிட்டு, மற்றவற்றை முடித்து, 30 நிமிடம் மீதி வைத்துத் திரும்பி வந்தேன். முடித்ததும் மார்க் வராது. ஒரு கருத்துக்கணிப்பு வரும், எங்கே படித்தாய், என்ன வேலை என்று. அந்த நேரத்தில் அதைக் கேட்பவர்களை என்ன சொல்வது! அது முடிந்த பிறகுதான் 781 என்று வந்தது. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "அந்தப் பேப்பர் குடுத்தாங்களா? பத்திரமா எடுத்துட்டு வா" என்றார்.

சான்றிதழ் மூன்று ஆண்டுதான் செல்லும். அதற்குள் 50 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்து, வருடக் கட்டணமும் கட்டினால் நீளும். அதை வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

சிவப்பு வட்டம் போட்ட பாடத்திட்டமும் என் இரண்டு நோட்டுகளும் நெட்வொர்க் லேப் அலமாரியில், மேல் தட்டில் இருக்கின்றன. சாரிடம் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பக்கத்தைக் கிழிக்காதீர்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் படங்கள் ஜன்னல் ஓரத்து இரண்டாவது கணினியில் இருக்கின்றன. அதில் மட்டும் ரேம் 8 ஜி.பி., மற்றவற்றில் முயன்றால் தொங்கிவிடும்.