‘5 நிமிடத்தில் பஸ்’: திரையில் வரும் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

அடுத்த பஸ் 5 நிமிடத்தில் வரும் என்கிறது கைபேசி. ஐந்து நிமிடம் நின்ற பிறகு பார்த்தால், இன்னும் 4 நிமிடம் என்கிறது. சற்று நேரத்தில் அந்த பஸ் திரையிலிருந்தே மறைந்துவிடுகிறது. சாலையிலும் காணோம். பேருந்துச் செயலிகளை நம்பி நின்றவர்கள் பலருக்கும் இது பழக்கமான ஏமாற்றம்தான். ஏன் இப்படி நடக்கிறது?

பஸ்ஸில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, தான் இருக்கும் இடத்தைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை சிம் கார்டு வழியாகத் தலைமைக் கணினிக்கு அனுப்புகிறது. அந்த பஸ் உங்கள் நிறுத்தத்துக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அந்தச் சாலையில் வண்டிகள் வழக்கமாக எந்த வேகத்தில் போகின்றன என்று பார்த்து, கணினி ஒரு நேரத்தைக் கணிக்கிறது. இதில் கோளாறுக்கு இடம் தருவது ஜிபிஎஸ் மட்டுமல்ல, டிப்போவும்தான். காலையில் சென்னையின் 21ஜி தடத்துக்கு ஒதுக்கிய வண்டி பழுதாகி, வேறு வண்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாற்றத்தை யாரும் கணினியில் பதியாவிட்டால், நிஜமாக ஓடும் பஸ் திரையில் தெரியாது. டிப்போவில் நிற்கும் பஸ் ‘வந்துகொண்டிருக்கும்’.

இன்னொரு காரணமும் உண்டு. கருவியிலிருந்து தகவல் வராதபோது, சில செயலிகள் கால அட்டவணையில் உள்ள நேரத்தை எடுத்துக் காட்டிவிடுகின்றன. கால அட்டவணையைக் கூகுளில் காட்டும் வேலை 2005இல், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் கைகோத்தபோது தொடங்கியது. அங்கே உருவான தரவு வடிவத்தைத்தான் இன்று உலகெங்கும் பல நகரங்கள் பின்பற்றுகின்றன. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அட்டவணையில் இருக்கும் 5 நிமிடமும், சாலையில் ஓடும் பஸ்ஸை வைத்துக் கணித்த 5 நிமிடமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் காட்டுவது பயணியை ஏமாற்றுவதாகும்.

சியாட்டில் நகரில் 2008இல், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான பிரையன் ஃபெரிஸ் ‘ஒன்பஸ்அவே’ என்ற சேவையைத் தொடங்கினார். அதில் நேரத்துக்கு வரும் பஸ் பச்சை, தாமதமாக வருவது நீலம். சிவப்பு எதற்குத் தெரியுமா? முன்கூட்டியே வரும் பஸ்ஸுக்கு. தாமதமானால் நிற்கலாம், முந்திப் போய்விட்டால் அவ்வளவுதான். நிறுத்தத்தில் கால்கடுக்க நின்றவர் மூளையில்தான் இந்த யோசனை உதிக்கும். அந்தச் சேவையைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வு, அதைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 நிமிடம் குறைவாகக் காத்திருந்ததாகக் கண்டது. அந்த வசதி இல்லாதவர்களுக்கோ, காத்திருந்த நேரம் உண்மையில் இருந்ததைவிட நீண்டதாகத் தோன்றியது.

சென்னையில் ‘சென்னை பஸ்’ செயலி 2022இல் வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயிலை ஒரே க்யூஆர் டிக்கெட்டில் இணைக்கும் ‘சென்னை ஒன்’ 2025 செப்டம்பரில் வந்தது. ஆனால் சென்னைப் பயணியின் தேவை சியாட்டில் பயணியின் தேவை அல்ல. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலை முடித்துத் திரும்பும் ஓர் அம்மாவுக்கு, முதலில் வரும் டீலக்ஸ் பஸ்ஸைவிட, 12 நிமிடம் கழித்து வரும் சாதாரண பஸ்ஸே முக்கியம். தட எண்ணுக்குப் பக்கத்தில் ‘சாதாரணம்’ என்ற ஒரு சொல் அவருடைய அன்றைய காய்கறிச் செலவை மிச்சப்படுத்தும். வருவது முழுத் தூரம் போகாத கட் சர்வீஸ் என்றால், எங்கே நின்றுவிடும் என்பதும் அந்த வரியிலேயே தெரிய வேண்டும்.

பெயர்களும் அப்படித்தான். பிராட்வே பேருந்து நிலையத்தை ஊரே ‘பாரிஸ்’ என்கிறது. தி. நகர், டி. நகர், தியாகராய நகர் மூன்றும் ஒன்றுதான். தேடுபவர் எதை எழுதினாலும், தமிழில் எழுதினாலும், செயலிக்குப் புரிய வேண்டும். பார்வையற்றவர் கைபேசியைக் காதருகே வைத்துத் திரையைப் படிக்கச் சொல்லும்போது, பெயரிடாத பொத்தான்களை அது ‘பட்டன், பட்டன்’ என்றே படிக்கும். பஸ்ஸின் பலகையைப் பார்க்க முடியாதவருக்குத்தான் இந்தச் செயலி மற்ற எல்லோரையும்விட அதிகம் தேவை.

செயலி செய்வோருக்கு ஒரு வேண்டுகோள். கடைசியாகத் தகவல் வந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் திரையில் போடுங்கள். பஸ் எங்கே என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். நிற்பவர் ஷேர் ஆட்டோ பிடித்தாவது வீடு போய்ச் சேர்வார்.