வெற்றிக் கணக்கும் பயிற்றுநர் தகுதியும்

ஆட்டத்தில் வென்றால் ஆட்டக்காரரைத் தோளிற் சுமப்பதும், தோற்றால் பயிற்றுநரைத் தூற்றுவதும் மைதானம் உள்ள இடமெங்கும் காணப்படும் வழக்கம். நம் கல்லூரி மைதானத்தின் ஓரத்தே நின்று ஆட்டம் பார்த்த பழைய மாணவருள் இத்தகைய தீர்ப்பு ஒன்றையேனும் கூறாதவர் அரியர். இங்கே கூறப்படும் தீர்ப்பு மாலைத் தேநீரோடு மறைந்துவிடும். ஆனால், உதைபந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்ட மேல்நாட்டுக் கழகங்களில் அத்தீர்ப்பு ஒருவரின் பதவியைப் பறிக்கின்றது. பெருந்தொகைப் பணத்தின் போக்கை மாற்றுகின்றது. ஆதலால், பயிற்றுநர் ஒருவரின் தகுதியை அவருடைய வெற்றி தோல்விக் கணக்கிலிருந்து எவ்வாறு அறிவது என்னும் வினா ஆராய்தற்குரியது.

முதலில் ஓர் உண்மை வரலாற்றை நோக்குவோம். 2014 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கிரேக்க தேசிய அணி, ஏறத்தாழ 50,000 மக்களே வாழும் பரோத் தீவுகளின் அணியிடம் தன் சொந்த மண்ணில் 0–1 எனத் தோற்றது. அதன் பயிற்றுநராகிய இத்தாலியர் குளோடியோ ரனியேரி உடனே பதவி நீக்கப்பட்டார். 2015 இல் இங்கிலாந்தின் லெஸ்ரர் சிற்றிக் கழகம் அவரை முகாமையாளராக நியமித்தபோது நகைத்தவர் பலர். அக்கழகம் லீக் கிண்ணத்தை வெல்லும் எனப் பந்தயம் கட்டுவோருக்கு, ஒன்றுக்கு 5,000 தருவதாகப் பந்தயக்காரர் கூறினர். 2016 மே மாதத்தில் லெஸ்ரர் கிண்ணத்தை வென்றது. ரனியேரி பேரறிஞர் எனப் போற்றப்பட்டார். பத்து மாதங்கள் நிறைவதற்குள், 2017 பெப்ரவரியில், அதே கழகம் அவரை நீக்கிற்று.

இம்மூன்று நிகழ்ச்சிகளுக்கும் உரியவர் ஒருவரே. இருபத்தெட்டு மாதங்களுள் அவர் மூடராகி, மேதையாகி, மீண்டும் மூடராயினார் என்பது பொருந்துமா? பொருந்தாதெனின், மாறியது அவருடைய தகுதியன்று; நாம் தகுதியை அளக்கும் முறையே பிழையுடையது என்பது பெறப்படும். அப்பிழைகள் யாவை என முறையே காண்போம்.

முதலாவது, கையிற் கொடுக்கப்பட்ட பொருளை நோக்காது விளைவை மட்டும் நோக்குதல். நன்செய் நிலத்தை உழுதவனையும் கற்பாறை நிலத்தை உழுதவனையும் நெல் மூட்டைகளை மட்டும் எண்ணி ஒப்பிடுவது நீதியாகாது. ஆங்கிலக் கழகங்களின் கணக்கேடுகளை ஆராய்ந்த ஸ்ரெபான் சிமான்ஸ்கி என்னும் பொருளியலறிஞர், பல ஆண்டுகளின் சராசரியை நோக்கின், லீக்கில் ஒரு கழகம் பெறும் இடத்தின் பெரும்பகுதியை அது ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் சம்பளத் தொகையே விளக்குகின்றது எனக் காட்டினார். மிகுந்த சம்பளம் கொடுக்கும் கழகம் முதலிடம் பெறுவதில் வியப்பில்லை. ஆதலால், ஒரு பயிற்றுநர் எத்தனையாம் இடம் பெற்றார் என்று வினவுதல் போதாது. அவருக்குக் கிடைத்த பொருளுக்கு எத்தனையாம் இடம் எதிர்பார்க்கத்தக்கது, அதனை அவர் விஞ்சினாரா என்று வினவுதல் வேண்டும். பெருங்கழகத்தின் இரண்டாம் இடம் தோல்வியாகவும், சிறுகழகத்தின் பத்தாம் இடம் பெருவெற்றியாகவும் இருத்தல் கூடும்.

இரண்டாவது, பலரின் உழைப்பை ஒருவருக்கே உரிமையாக்குதல். லெஸ்ரரின் வெற்றிக்குத் தூண்களாயிருந்த வார்டியும் மஹ்றெசும் ரனியேரி வருவதற்கு முன்னரே அக்கழகத்திற் சேர்ந்தவர்கள். அவருக்கு முன் முகாமையாளராயிருந்த நைஜல் பியர்சனின் கீழ், 2015 ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கடைசி ஒன்பது ஆட்டங்களுள் ஏழில் வென்று அவ்வணி கீழ்ப்பிரிவுக்கு இறங்காது தப்பியது. எனவே, வலிமையின் வித்து முன்னரே இடப்பட்டிருந்தது. இதனாற் ரனியேரியின் பெருமை அழிந்துவிடாது. நன்கு இயங்கிய அணியைக் குலைத்து மாற்றாமல் விட்டதும் ஓர் அறிவே. ஆயினும் முழுப் புகழும் அவருடையதன்று. முழுப் பழியும் அவருடையதன்று.

மூன்றாவது, தற்செயலின் பங்கை மறத்தல். கிறிக்கெற் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் எடுக்கப்படுதலால் ஓரிரு தவறுகள் பெரும்பாலும் முடிவை மாற்றா. உதைபந்தாட்டத்திலோ இரண்டு அணிகளும் சேர்ந்து அடிக்கும் கோல்கள் சராசரி மூன்றிற்கும் குறைவு. கம்பத்திற் பட்டுத் திரும்பிய ஒரு பந்தும், மத்தியஸ்தரின் ஒரு பிழையும் முடிவை மாற்றவல்லன. இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். வெற்றி, சமநிலை, தோல்வி ஆகிய மூன்றும் ஒத்த வாய்ப்புடைய ஒரு நடுத்தர அணியைக் கொள்க. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. அவ்வணி 38 ஆட்டங்களில் பெறத்தக்க சராசரி ஏறத்தாழ 51 புள்ளி. ஆனால், ஆற்றலில் அணுவளவு மாற்றமும் இன்றியே, தற்செயலினால் மட்டும், அது மூன்று பருவங்களுள் இரண்டில் 43 இற்கும் 58 இற்கும் இடையில் எங்கேனும் நிற்கும்; எஞ்சிய பருவத்தில் அவ்வெல்லையையும் தாண்டும். 58 புள்ளி பெற்ற ஆண்டில் அதன் பயிற்றுநருக்கு மாலை சூட்டப்படும். 43 புள்ளி பெற்ற ஆண்டில் அவரது பதவி ஆட்டங்காணும். உண்மையில் இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஒரே வேலையையே செய்தார்.

வெற்றியாளர் கூட்டத்தை நோக்கும்போதும் இவ்வெச்சரிக்கை வேண்டும். சற்றும் ஏற்றத்தாழ்வில்லாத 64 அணிகளை, தோற்றோர் வெளியேறும் போட்டியில் விடுவோமாயின், 32, 16, 8, 4, 2 எனக் குறைந்து, இறுதியில் ஓரணி ஆறு ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்று நிற்கும். யாரேனும் ஒருவர் அவ்வாறு நின்றே தீர வேண்டும். அவரை அழைத்து வெற்றியின் இரகசியம் யாதெனக் கேட்டால் அவரும் ஏதேனும் ஒன்றைக் கூறுவார்; நாமும் அதனை எழுதிக்கொள்வோம்.

நான்காவது, சராசரிக்கு மீளுதல் என்னும் இயல்பை அறியாமை. பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர், மிக உயரமான பெற்றோரின் மக்கள் பெரும்பாலும் பெற்றோரினும் சற்றுக் குறைந்த உயரமுடையராய்ச் சராசரியை அணுகுகின்றனர் என 1886 இல் எடுத்துக்காட்டினார். தகுதியும் தற்செயலும் கலந்த எவ்விடத்தும் இவ்வியல்பு உண்டு. மிகச் சிறந்த ஓராண்டின் பின் சற்றுத் தாழ்வும், மிகக் கெட்ட சில மாதங்களின் பின் சற்று உயர்வும் வருதல் இயற்கை. கழகங்களோ பெரும்பாலும் மிகக் கெட்ட மாதங்களின் முடிவிலேயே பயிற்றுநரை நீக்குகின்றன. அதன்பின் வரும் உயர்வைப் புதியவரின் திறமை எனக் கருதுகின்றன. ரனியேரி நீக்கப்பட்டபின் லெஸ்ரர் அடுத்தடுத்து ஐந்து லீக் ஆட்டங்களில் வென்று பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது. அவ்வுயர்வு முழுவதும் மாற்றத்தின் பயனா என்பதை அந்நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு கூறவியலாது. ஆனால், ஒல்லாந்தின் முதற்பிரிவில் 1986 முதல் 2004 வரை நடந்த ஆட்டங்களை ஆராய்ந்த பாஸ் ரெர் வீல் என்னும் பொருளியலறிஞர், இதற்கு நல்லதோர் ஒப்பீட்டைச் செய்தார். இறங்குமுகத்தில் பயிற்றுநரை மாற்றிய அணிகளையும், அதே அளவு இறங்கியும் மாற்றாத அணிகளையும் அவர் அருகருகே வைத்து நோக்கினார். இரு திறத்து அணிகளும் ஏறத்தாழ ஒரே வகையிலேயே மீண்டெழுந்தன. பலியிடப்பட்டவர் பலியிடப்பட்டதனால் விளைந்த நன்மை காணப்படவில்லை.

அங்ஙனமாயின், எல்லாம் விதி என்று கூறிப் பயிற்றுநரின் திறமையையே மறுத்துவிடலாமா? கூடாது. திறமை உண்டு, அதனை அறியும் வழிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று, முடிவை மட்டும் பாராது ஆட்டத்தின் உள்ளே புகுந்து பார்த்தல். யூர்கன் குளொப் என்னும் ஜேர்மானியர் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் டோட்முண்ட் கழகத்தைத் தம் நாட்டு லீக்கில் முதலிடம் பெறச் செய்தவர். 2014–15 பருவத்தின் பாதியில் அதே கழகம் 18 அணிகளுள் 17 ஆம் இடத்தில் நின்றது. முடிவில் ஏழாம் இடமே பெற்றது. அவர் காலம் கழிந்துவிட்டது எனப் பலர் எண்ணினர். இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தில் ஆராய்ச்சியாளராயிருந்த இயன் கிரகாம், பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர், வேறொரு கணக்கைப் பார்த்தார். ஒவ்வொரு உதையும் எவ்விடத்திலிருந்து, எந்நிலையில் உதைக்கப்பட்டது என நோக்கி, அது கோலாகும் வாய்ப்பை மதிப்பிடுதல் அக்கணக்கு. தண்ட உதை நான்கில் மூன்று கோலாகும். தொலைவிலிருந்து உதைக்கப்படும் பந்து அரிதாகவே கோலாகும். இவ்வாறு இரு பக்கத்து வாய்ப்புகளையும் கூட்டிப் பார்க்கையில், டோட்முண்ட் அணி நன்றாகவே ஆடியது, தற்செயலே அதனை வஞ்சித்தது என்பது தெரிந்தது. 2015 ஒக்ரோபரில் லிவர்பூல் குளொப்பை நியமித்தது. 2019 இல் அவ்வணி ஐரோப்பியக் கழகங்களின் முதற்கிண்ணத்தையும், 2020 இல், 30 ஆண்டுகளின் பின், தன் நாட்டு லீக்கையும் வென்றது.

மற்றொரு வழி காலம். அலெக்ஸ் பேர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்துக்கு வந்தார். 1989–90 பருவத்தில் அவ்வணி லீக்கில் 13 ஆம் இடம் பெற்றது. அவரை நீக்குக என்ற குரல் மைதானத்திலேயே எழுந்தது. கழகத்தார் பொறுத்தனர். 1993 இல் லீக்கை வென்றார். 2013 இல் ஓய்வு பெறுமுன் அதனை 13 முறை வென்றிருந்தார். எனினும் இதனை ஓதிக்கொண்டு எல்லாத் தோல்விகளையும் பொறுத்தலும் தவறு. பேர்குசன் வெறுங்கையோடு வந்தவரல்லர். ஸ்கொத்லாந்தின் அபடீன் கழகத்தை மூன்று முறை லீக் வெற்றிக்கும், 1983 இல் ஓர் ஐரோப்பியக் கிண்ணத்துக்கும் இட்டுச் சென்றவர். அவருடைய பழைய பதிவு கழகத்தாரின் பொறுமைக்கு ஆதாரமாயிற்று.

ஒருவர் வெவ்வேறிடங்களில் ஒரே வகை வெற்றியை ஈட்டுவாராயின் அதுவே வலிய சான்று. பிறையன் கிளவ் இரண்டாம் பிரிவில் இருந்த டாபி கவுண்டியை உயர்த்தி 1972 இல் லீக் வெற்றி பெறச் செய்தார். பின்னர், அதே இரண்டாம் பிரிவிலிருந்து நொற்றிங்காம் பொறெஸ்ற் கழகத்தை 1977 இல் மேலேற்றி, 1978 இல் லீக்கையும், 1979, 1980 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றார். இருமுறை நிகழ்ந்ததைத் தற்செயல் என்றல் அரிது. ஆனால், இடையில் 1974 இல் லீட்ஸ் கழகத்தில் அவர் 44 நாள்களே நிலைத்தார் என்பதும் நினைக்கத்தக்கது. டாபியிலும் பொறெஸ்றிலும் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுப்பதில் வல்லவரான பீற்றர் ரெயிலர் அவருடன் இருந்தார், லீட்சில் இருந்திலர்.

இக்காலத்தில் அணியைப் பயிற்றுவிப்பவர் ஒருவர், ஆட்டக்காரரை வாங்கும் பணிப்பாளர் வேறொருவர் எனப் பல கழகங்களில் வேலை பிரிக்கப்பட்டுள்ளது. பின்னவரை மதிப்பிடுதல் இன்னும் கடினம்; அவர் இன்று நட்டது சில ஆண்டுகளின் பின்னரே காய்க்கும். ஸ்பெயினின் செவில்லாக் கழகத்தில் 2000 ஆம் ஆண்டில் அப்பொறுப்பை ஏற்ற மொன்சி என்பவர், முன்னர் அக்கழகத்தின் கோல் காப்பாளராயிருந்தவர். கழகம் அப்போது இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. குறைந்த விலைக்கு வாங்கி வளர்த்த ஆட்டக்காரரைக் கொண்டு 2006 முதல் 2016 வரை ஐரோப்பாவின் இரண்டாந்தரக் கிண்ணத்தை அது ஐந்து முறை வென்றது. 2017 இல் அவர் றோமாக் கழகத்துக்குச் சென்றார். அங்கே அவர் முயற்சி சிறக்கவில்லை. 2019 இல் விலகிச் செவில்லாவுக்கே மீண்டார். அடுத்த ஆண்டே அக்கழகம் அக்கிண்ணத்தை மீண்டும் பெற்றது. ஆளின் திறமை ஒன்று. அத்திறமை வேர்விடும் நிலம் மற்றொன்று. திருவள்ளுவர் ஒருவரைத் தெரிந்து தெளிதலை ஓர் அதிகாரத்திலும், தெரிந்தவரை உரிய வினையில் ஆளுதலை அடுத்த அதிகாரத்திலும் வேறாக வைத்தமையின் நுட்பம் இங்கே விளங்கும்.

எனவே, பயிற்றுநர் ஒருவரின் பதிவை வாசிப்போர் ஐந்து வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவருக்குக் கொடுக்கப்பட்டது யாது? அவருடன் உழைத்தவர் யாவர்? கணக்கிலுள்ள ஆட்டங்கள் தற்செயலைக் கழித்துப் பார்க்கப் போதுமானவையா? புள்ளிப்பட்டியலின் பின்னே ஆட்டத்தின் தரம் எத்தகையது? இவ்வெற்றி வேறிடத்திலும் நிகழ்ந்துள்ளதா? இவற்றுக்கு விடை கண்டபின் கூறப்படுவதே தீர்ப்பு. அதற்குமுன் கூறப்படுவது ஆரவாரம்.

இது மைதானத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆண்டுதோறும் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும்போது நாமும் ஆசிரியர்களையும் கல்லூரிகளையும் ஒரு பட்டியலைக் கொண்டே அளக்கின்றோம். தெரிந்தெடுத்த மாணவரைப் பெற்று அதிக சித்திகளைக் காட்டிய ஆசிரியரைப் புகழ்கின்றோம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது வந்த சிறுவர்களைக் கரையேற்றிய ஆசிரியரின் பெயர் எப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. கல்லூரியின் விழா மலரைப் புரட்டும் பழைய மாணவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் அத்தகைய ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவருடைய கணக்கை நேரிய முறையிற் பார்க்க நாம் கற்றுக்கொள்வோமாயின், மைதானத்தின் ஓரத்தில் நின்று நாம் கூறும் தீர்ப்பும் தானே திருந்தும்.